வெஸ்ட்பாலியாவில் ஐந்து நாள்: ஒரு பழைய தணிக்கையாளனின் குறிப்புகள்

முதல் நாள்: மியூன்ஸ்டர், அக்டோபர் 23, புதன்

ஜெர்மனியின் டார்ட்மண்டிலிருந்து ரயிலேறி மியூன்ஸ்டரில் இறங்கியபோது மழை. பார்வைக்குக் குற்றாலச் சாரல்தான். ஆனால் குற்றாலத்தில் நனைந்தால் சுகம். இங்கே நனைந்தால் முழங்கால் பேசத் தொடங்கிவிடுகிறது. தங்கும் விடுதியை நடத்தும் அம்மாள் என் குடையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஊரில் வழங்கும் சொல்லடை ஒன்றைச் சொன்னார். இந்த ஊரில் ஒன்று மழை பெய்யும், இல்லாவிட்டால் கோயில் மணி அடிக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை.

மகள் டார்ட்மண்டில் வேலை பார்க்கிறாள். மூன்று மாத விசாவில் வந்திருக்கும் எங்களுக்குப் பாரிஸைக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, நான் மியூன்ஸ்டருக்குப் போகிறேன்" என்றேன். "அங்கே என்னப்பா இருக்கிறது?" என்றாள். "ஒரு உடன்படிக்கை இருக்கிறது." முப்பத்து நான்கு ஆண்டு கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன ஆசை வரும்?

1618 முதல் 1648 வரை ஜெர்மன் நிலத்தைச் சூறையாடிய முப்பதாண்டுப் போர் வெஸ்ட்பாலியா உடன்படிக்கையால் முடிவுக்கு வந்தது மியூன்ஸ்டரிலும், இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஓஸ்னாப்ரூக்கிலும். அந்தப் போரில் வாளுக்கு இரையானவர்களைவிடப் பசிக்கும் கொள்ளைநோய்க்கும் இரையானவர்களே அதிகம். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதச் சண்டை என்று பள்ளியில் படித்து, ஐந்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. மதம்தான் எல்லாப் போருக்கும் வேர் என்று ஒரு கூட்டமும், மதம்தான் சமாதானத்துக்கு வழி என்று இன்னொரு கூட்டமும் தொலைக்காட்சியில் கத்துவதைக் கேட்கும்போதெல்லாம், இவர்களில் ஒருவராவது ஒரு வரப்புத் தகராறுக்காவது பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

மாலையில் லம்பெர்ட்டி தேவாலயத்துக்குப் போனேன். கோபுரத்தில், கடிகாரத்துக்கு மேலே மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குகின்றன. போருக்கு எண்பது ஆண்டு முந்திய கதை அது. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்தபின் மறுபடி பெற வேண்டும் என்ற மறுஞானஸ்நானக் குழுவினர் இந்த ஊரைப் பிடித்து, இதுவே புதிய எருசலேம் என்று அறிவித்தார்கள். ஊருக்கு உரியவரான ஆயர் படையோடு வந்து முற்றுகையிட்டு மீட்டார். 1536 ஜனவரியில் அவர்களின் தலைவர்கள் மூன்று பேரைச் சித்திரவதை செய்து கொன்று, உடல்களைக் கூண்டில் போட்டு மேலே ஏற்றினார்கள். எலும்புகள் போய்விட்டன. கூண்டுகள் போகவில்லை. இருட்டியதும் கூண்டுக்கு ஒன்றாக மூன்று மங்கலான விளக்குகள் எரிகின்றன. ஒன்பது மணிக்குக் கோபுரத்து உச்சியிலிருந்து காவல்காரப் பெண் கொம்பு ஊதினார். செவ்வாய் தவிர எல்லா இரவும் அரை மணிக்கு ஒரு தடவை, நள்ளிரவு வரை ஊதுவார்களாம். கீழே பீர் குடித்துக்கொண்டிருந்த மாணவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள்: மியூன்ஸ்டர், அக்டோபர் 24, வியாழன்

நாள் பார்த்துத்தான் வந்தேன். 1648இல் உடன்படிக்கையில் கையெழுத்தானது இதே அக்டோபர் 24.

நகர மன்றத்தின் சமாதான மண்டபம் நான் நினைத்ததைவிடச் சிறியது. எங்கள் மாவட்டத்துப் பழைய கூட்டுறவு வங்கியின் கூட்ட அறை இதைவிடப் பெரிது. சுவர் முழுக்க மரச் செதுக்கல். மேலே தூதர்களின் படங்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஒரு பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள். கிட்டே போய்ப் பார்த்தால் அவை கோப்பு வைக்கும் அலமாரிகள்! அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 1944 அக்டோபரில் குண்டு வீச்சில் கட்டடம் நொறுங்கிப்போனது. மரவேலைப்பாட்டை மட்டும் முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்ததால் அது பிழைத்தது. சுவர் புதிது, அலமாரி பழையது.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய உடன்படிக்கையில் இந்த அறையில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. தூதர்கள் தங்கியிருந்த இடங்களுக்குத் தாளை எடுத்துக்கொண்டு போய் வாங்கினார்கள். அதைவிட வியப்பு, கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு நடந்த அந்த மாநாட்டில் எல்லாரும் ஒரே அறையில் ஒருமுறைகூட உட்காரவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட தூதுக்குழுக்கள். யார் முதலில் யாரைப் போய்ப் பார்ப்பது, யார் வண்டிக்கு யார் வழி விடுவது, யாரை 'மாட்சிமை' சேர்த்து அழைப்பது என்பதிலேயே மாதங்கள் கரைந்தன. சுவீடன் தூதர் யோஹான் ஒக்சன்ஷெர்னா எழுந்திருப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாவற்றையும் எக்காளமும் முரசும் அடித்து ஊருக்கு அறிவிப்பாராம். கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும் சம்பந்திகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

மாநாட்டை இரண்டு ஊராகப் பிரித்ததற்கும் இதே மாதிரிக் காரணம்தான். போப்பாண்டவரின் தூதர் பாபியோ கீஜி ஒரு நடுவர். புராட்டஸ்டண்டுகளோடு நேருக்கு நேர் பேச மாட்டேன் என்பது அவர் நிலை. எனவே கத்தோலிக்க பிரான்ஸ் மியூன்ஸ்டரில், புராட்டஸ்டண்டுகளில் லூத்தரன் பிரிவைச் சேர்ந்த சுவீடன் ஓஸ்னாப்ரூக்கில். இரண்டு ஊர்களையும் இடைப்பட்ட சாலையையும் நடுநிலை நிலமாக அறிவித்தார்கள். அந்தச் சாலையில் மட்டும் சமாதானம். மற்ற இடங்களில் பேச்சுவார்த்தை நடந்த அத்தனை ஆண்டும் போரும் நடந்தது. களத்தில் ஒரு கோட்டை விழுந்தால் இங்கே ஒரு ஷரத்து மாறும். முடிவு நெருங்கிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த 1648 ஜூலையில்கூட சுவீடன் படை பிராகாவின் ஒரு பகுதியைப் பிடித்து அரண்மனைச் சேகரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் முன் அவசரமாக ஒரு பற்றுச்சீட்டைச் செருகுவார்களே, அந்த வேகம்.

கத்தோலிக்க பிரான்ஸும் லூத்தரன் சுவீடனும் ஒரே அணியில் எப்படி என்று கேட்கலாம். 1631 ஜனவரியில், பெர்வால்டே என்ற ஊரில் போட்ட ஒப்பந்தப்படி பிரான்ஸ் ஆண்டுக்கு 10 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) தரும். சுவீடன் அரசர் 36,000 பேர் கொண்ட படையை ஜெர்மனியில் வைத்திருப்பார். இதை நடத்தியவர் பிரான்ஸின் முதன்மை அமைச்சர் ரிஷெல்யூ. அவர் யார்? திருச்சபையின் கர்தினால்! ஜெர்மன் நிலத்துக்குத் தலைவரான கத்தோலிக்கப் பேரரசர் பலத்துவிடக் கூடாது என்று, ஒரு கர்தினால் புராட்டஸ்டண்டு படைக்குச் சம்பளம் கொடுத்தார். மனச்சாட்சிக்கும் ஒரு ஷரத்து உண்டு: பிடிக்கிற ஊர்களில் கத்தோலிக்க வழிபாட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது. நான் பார்த்த சங்கங்களிலும் பெரிய தொகை கை மாறும் இடத்தில்தான் 'தர்ம காரியம்' என்ற தலைப்பில் சின்னதாக ஒரு செலவு இருக்கும்.

இந்த மண்டபத்தில் உண்மையாக நடந்தது வேறொன்று. ஸ்பெயினும் நெதர்லாந்தும் எண்பது ஆண்டுச் சண்டையை முடித்து, 1648 மே 15 அன்று இங்கேதான் சத்தியம் செய்தன. அந்தக் காட்சியைக் கெரார்ட் டெர் போர்க் செப்புத் தகட்டில் தீட்டினார். அசல் லண்டனில் இருக்கிறது. நான் அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்பெயின் தூதர் நற்செய்தி நூலின்மேல் கை வைத்திருக்கிறார், பக்கத்தில் சிலுவை. நெதர்லாந்துக்காரர்கள் நூலைத் தொடவில்லை. வலது கையில் இரண்டு விரலை மேலே தூக்கி நிற்கிறார்கள். ஒரே உடன்படிக்கை, ஒரே மேசை, ஒரே கடவுள். சத்தியம் மட்டும் அவரவர் முறைப்படி. நெதர்லாந்து அதற்காகத் தன் பழைய கூட்டாளியான பிரான்ஸுக்குக் கொடுத்திருந்த வாக்கை மீறியது. தனியாகச் சமாதானம் செய்துகொள்ள மாட்டோம் என்று 1635இல் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதோடு ஷெல்ட் ஆற்று வழியைக் கடல் வாணிகத்துக்கு அடைத்தே வைப்பது என்று ஒரு ஷரத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஸ்பெயின் வசமிருந்த ஆண்ட்வெர்ப் துறைமுகம் படுத்தது, ஆம்ஸ்டர்டாம் தழைத்தது. தூக்கிய இரண்டு விரலுக்குக் கீழே இதுவும் இருக்கிறது.

பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் 2022 நவம்பர் கதையைச் சொன்னார். ஜி-7 நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் இந்த மண்டபத்துக்கு வந்தார்கள். பேச்சு உக்ரைன் போரைப் பற்றி. கூட்டத்துக்காக, 1540 வாக்கில் செய்த பழைய சிலுவையை இங்கிருந்து எடுத்து வைத்துவிட்டார்கள். ஊரில் பெரிய சர்ச்சை. ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் அது தன் முடிவு இல்லை என்று சொல்லி வருத்தப்பட வேண்டியதாயிற்று. கதை சொன்ன பெரியவர் இன்னும் கோபமாகத்தான் இருந்தார். எனக்கு அந்தச் சிலுவை சும்மா ஒரு பக்கமாக இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. 1648இல் அது இருந்தும் காரியம் நடந்தது அல்லவா?

மூன்றாம் நாள்: ஓஸ்னாப்ரூக், அக்டோபர் 25, வெள்ளி

காலை ரயிலில் வந்து சேர்ந்துவிட்டேன். அன்று இந்தத் தொலைவைக் கடிதங்கள் குதிரையில் கடந்தன.

ஓஸ்னாப்ரூக் நகர மன்றத்தின் கதவுக் கைப்பிடி ஒரு வெண்கலப் புறா. அதில் '1648 சமாதானம்' என்று எழுதியிருக்கிறது. பல்லாயிரம் கைகள் பட்டுப் புறாவின் முதுகு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. நானும் பிடித்துப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

இந்த ஊரில் பேசி முடித்த பாகத்தில்தான் மத விவகாரம் வருகிறது. என் தொழிலுக்கு நெருக்கமான இடம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்த ஊர் யாருடைய மதம், எந்த மடம் யாருக்கு, எந்தக் கோயிலின் சாவி யாரிடம் என்பதுதான் வழக்கு. 1629இல் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டு, 1552க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகள் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்தை எல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று ஆணையிட்டார். அவருடைய பாவசங்கீர்த்தனம் கேட்டுவந்த இயேசு சபைக் குரு லமோர்மைனி, கடவுள் கொடுத்த வெற்றியை வீணடிக்கலாகாது என்று பின்னாலிருந்து உந்தியவர். எரிந்துகொண்டிருந்த வீட்டில் எண்ணெய் ஊற்றியது அந்த ஆணை. பிறகு ஒரு சமரசத்தில் 1627ஐ அளவுகோலாக வைத்தார்கள். புராட்டஸ்டண்டுகள் 1618 வேண்டும் என்றார்கள். கடைசியில் 1624 ஜனவரி 1 என்று முடித்தார்கள். அந்தத் தேதியில் எந்தக் கோயிலில் யார் வழிபட்டார்களோ, எந்தச் சொத்து யார் கையில் இருந்ததோ, அதுவே இனி நிலை.

எங்கள் துறையில் இதற்குத் தொடக்க இருப்பு என்று பெயர். இரண்டு தரப்பும் ஒரு தேதிக்கு ஒப்புக்கொள்ளாமல் ஒரு கணக்கையும் முடிக்க முடியாது. எந்த ஞானஸ்நானம் சரி, அப்பத்தில் கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்ற கேள்விகளுக்கு உடன்படிக்கையில் பதிலே இல்லை. கேட்கவே இல்லை. சாவிக்கு மட்டும் பதில் எழுதினார்கள். அரசன் மதம் மாறினால் குடிகளும் மாற வேண்டும் என்ற பழைய வழக்கத்தின் பல்லையும் பிடுங்கிவிட்டார்கள். இந்த உடன்படிக்கையிலிருந்துதான் நாடுகளின் முழு இறையாண்மை பிறந்தது என்று புத்தகங்கள் பேசும். தாளைப் படித்தால் அரசர்களின் கையைக் கட்டும் ஷரத்துகள்தான் கண்ணில் படுகின்றன.

ஓஸ்னாப்ரூக் ஆயர் பதவிக்கு வந்த தீர்வு இன்னும் வேடிக்கை. ஒரு தடவை கத்தோலிக்க ஆயர், அடுத்த தடவை புராட்டஸ்டண்டு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல! புராட்டஸ்டண்டு முறை பிரவுன்ஷ்வைக்-லூனெபர்க் அரச குடும்பத்துக்கு. அந்தக் குடும்பம் பிறகு இங்கிலாந்தின் அரியணைக்கும் வந்துவிட்டது. அதனால் 1764இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், பிறந்து ஏழு மாதம்கூட நிறையாத தன் இரண்டாவது மகன் பிரடெரிக்கை ஓஸ்னாப்ரூக்கின் ஆயராக்கினார். பால் மணம் மாறாத குழந்தை ஆயர். யாருக்கும் இதில் பக்தி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு நூற்றைம்பது ஆண்டு ஓடியது, இதற்காக ஒருவரும் சாகவில்லை.

போப்பாண்டவர் பத்தாம் இன்னசென்ட் இதை எல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. 1648 நவம்பர் 26 தேதியிட்ட ஆணையில், திருச்சபைக்கு எதிரான ஷரத்துகள் செல்லாதவை, அநீதியானவை, பயனற்றவை, என்றென்றைக்கும் வெறுமையானவை என்று அடுக்கிக்கொண்டே போனார். கத்தோலிக்க அரசர்கள் மரியாதையாகப் பெற்றுக்கொண்டு, கோப்பில் வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு எதிர்ப்பு வரும் என்று தெரிந்து, எந்த எதிர்ப்பும் செல்லாது என்று உடன்படிக்கையிலேயே முன்கூட்டி எழுதியும் வைத்திருந்தார்கள். எழுதியவர் யாரோ, கெட்டிக்காரர்.

பத்தரை மணிக்கு வெளியே ஒரே கூச்சல். 1648இல் இதே நாள் இந்த நகர மன்றப் படியில் நின்றுதான் சமாதானத்தைப் படித்தார்கள். அதன் நினைவாக ஆண்டுதோறும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் குச்சிக்குதிரை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், தலையில் காகிதத் தொப்பி. படியேறி மறுபக்கம் இறங்கினால் கையில் ஒரு இனிப்பு பிரெட்சல், முறுக்கிச் சுட்ட ரொட்டி. எனக்கு முன்னால் வந்த சிறுமியின் குதிரைத் தலை, படிக்குப் பத்தடி இருக்கும்போது குச்சியை விட்டுக் கழன்று விழுந்தது. அவள் அழவில்லை. தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெறும் குச்சியை ஓட்டிக்கொண்டு போய் பிரெட்சலை வாங்கினாள். முக்காடு போட்ட அவள் அம்மா கயிற்றுக்கு இப்பால் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நான்காம் நாள்: மியூன்ஸ்டர், அக்டோபர் 26, சனி

சளி. சதுக்கத்துச் சந்தை வரை நடந்து போய்க் கறுப்பு ரொட்டி வாங்கி வந்தேன். கடலைமிட்டாய்க்கு அண்ணன், செங்கலுக்குத் தம்பி. மீதி நேரம் படுக்கையில் உடன்படிக்கையின் மொழிபெயர்ப்போடு போயிற்று.

நேற்று எழுதியதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. சாவிக் கணக்கைப் புகழ்ந்துவிட்டேன், விட்டுப்போனதைச் சொல்லவில்லை. 1624 என்ற அளவுகோல் பேரரசரின் சொந்த நாடுகளுக்குப் பெரும்பாலும் கிடையாது. போர் தொடங்கியதே பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு), அங்கிருந்த புராட்டஸ்டண்டுகளின் எழுச்சியில். அவர்களில் விரட்டப்பட்டவர்கள் பலர் சுவீடன் படையோடு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். முடிவில் சுவீடனுக்கு மேற்குப் பொமரேனியா கிடைத்தது, படைக்குச் சம்பள பாக்கியாக 50 லட்சம் தாலர் (அன்றைய வெள்ளி நாணயம்) கிடைத்தது. பொஹீமியர்களுக்கு ஊர் திரும்பும் உரிமை கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரான கல்வியாளர் கொமேனியஸ், எங்களைக் கைவிட்டுவிட்டீர்களே என்று சுவீடனின் முதன்மை அமைச்சருக்கு மனம் கசந்து எழுதினார்.

இன்னொன்று இரண்டாவது ஷரத்து. போரில் யார் யாருக்கு என்ன செய்திருந்தாலும் அது நிரந்தரமாக மறக்கப்பட வேண்டும், மன்னிக்கப்பட வேண்டும். சொல்லாலும் எழுத்தாலும் செயலாலும் செய்ததெல்லாம் இதில் அடக்கம். 1631இல் மக்டெபர்க் நகரில் ஏறத்தாழ 20,000 பேரைக் கொன்றதும் இதற்குள் வந்துவிடுகிறது. வாராக்கடனைத் தள்ளுபடி செய்யும் தீர்மானம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தள்ளுபடி செய்வதற்கும் முன்னால் பட்டியல் போட வேண்டும் என்பது விதி. இங்கே பட்டியல் இல்லை.

ஐந்தாம் நாள்: ஹாம், அக்டோபர் 27, ஞாயிறு

ஊர் திரும்பும் வழியில் ஹாம் நகரில் இறங்கினேன். இன்று அதிகாலை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். என் எச்.எம்.டி. கடிகாரத்துக்கு அது தெரியாது, எனக்கும் நினைவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் தேவுடு காத்தேன்.

ஊருக்கு வெளியே ஊண்ட்ரோப்பில், தொழிற்பேட்டைக் கொட்டகைகளுக்கு நடுவே திடீரென்று ராஜகோபுரம் தெரிகிறது. பதினேழு மீட்டர் உயரம். காமாட்சி அம்பாள் கோயில். ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் கட்டியது. 2002 ஜூலையில் குடமுழுக்கு. முன்பு குடியிருப்புப் பகுதியில் இருந்தபோது கூட்டம், சத்தம், வண்டி நிறுத்தம் என்று அக்கம்பக்கத்தார் முறையிட, இந்தப் பக்கம் இடம் அமைந்திருக்கிறது. திருவிழாவின்போது தீர்த்தமாடுவது அருகே ஓடும் சரக்குக் கப்பல் கால்வாயில். மடத்துச் சாவிக்காக முப்பது ஆண்டு வெட்டிக்கொண்ட நிலம்தான் இது.

கும்பிட்டு முடித்தபின், பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். வயது எழுபத்தைந்து இருக்கும். 1986இல் வந்தவர். நான் "அண்ணாச்சி" என்றதும் சிரித்துவிட்டு, "திருநெல்வேலியோ?" என்று கேட்டார். மியூன்ஸ்டர் போய்வந்த கதையை, 1624ஐ, சாவிக் கணக்கைச் சொன்னேன். நிறுத்தாமல் கேட்டார்.

"2002 பிப்ரவரியில் நார்வே நடுவராக இருந்து போர் நிறுத்தம் வந்தது. அந்த ஆண்டுதான் இங்கே குடமுழுக்கு. அடுத்த திருவிழாவை ஊரில் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும்" என்றார். சற்றுப் பொறுத்து, "தம்பி, நீங்கள் கணக்குத் தெரிந்தவர். எங்களுடைய வழக்கில் எந்த ஆண்டைத் தொடக்க இருப்பாக வைப்பீர்கள்? சுதந்திரம் வந்த 1948ஆ? சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த 1956ஆ? புத்த மதத்துக்கு முதலிடம் என்று அரசியல் சட்டத்தில் எழுதிய 1972ஆ? கலவரம் வெடித்த 1983ஆ? சிங்களவர்களைக் கேட்டால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் போய் நிற்பார்கள். எங்களுக்குள்ளேயே கேட்டால், 1990இல் யாழ்ப்பாணத்தைவிட்டு அனுப்பப்பட்ட முஸ்லிம்கள் தங்கள் தேதியைச் சொல்வார்கள்."

என்னிடம் பதில் இல்லை. மறதி ஷரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மறக்கலாம்" என்றார். "என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யார், எங்கே என்று ஒரு தாளிலும் இல்லை. முதலில் எழுதட்டும். எழுதியதை மறப்பதா என்று பிறகு பார்க்கலாம்."

சர்க்கரைப் பொங்கலை அலுமினியத் தாளில் சுற்றி, மகளுக்கு என்று கொடுத்தார். பிறகு என் சட்டைப்பையில் இருந்த குறிப்பேட்டைக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர், ஊர், கூட்டிப்போன நாள். வழக்கம்போல் மூன்று பத்தி கோடு போட்டு. எழுதி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிபார்த்தார். ஊரின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தச் சொன்னார்.